மாங்கன்றின் கொழுந்து வாடித் தொங்குகிறதா? தளிர் துளைப்பானிடமிருந்து கன்றைக் காப்பாற்றும் வழி

ஆடிப் பதினெட்டு முடிந்த கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஏக்கரில் 160 மா ஒட்டுக்கன்று வைத்தேன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடைவெளி, அடர் நடவு. புரட்டாசி மழையில் கன்றெல்லாம் செம்பு நிறத்தில் ஒரே சமயத்தில் துளிர்விட்டபோது மனசு நிறைந்துபோனது. அடுத்த வாரம் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொழுந்து தலைசாய்ந்து தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். மருந்துக்கடையில் கேட்டேன், பூஞ்சாணம் என்று சொல்லி காப்பர் மருந்து கொடுத்தார்கள், அதையும் அடித்தேன். இப்படியே இரண்டு வாரம் போனது. அதற்குள் அறுபதுக்கும் மேல் கன்றுகளில் கொழுந்து போய்விட்டது, 11 கன்று அடியோடு காய்ந்தது.

காரணம் பூஞ்சாணம் இல்லை, ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. மா தளிர் துளைப்பான் என்பார்கள், குருத்துத் துளைப்பான் என்றும் சொல்வதுண்டு. அறிவியல் பெயர் குளுமேட்டியா டிரான்ஸ்வெர்சா. முதல் நாளே இது தெரிந்திருந்தால் அந்த 11 கன்றில் பாதியாவது பிழைத்திருக்கும். புதிதாக மா வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு வாரத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், அது இந்தப் புழுதானா என்று பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் இதைச் செய்யாமல் கடைக்குப் போகவே போகாதீர்கள். வாடிய கொழுந்து ஒன்றை எடுத்து, தண்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவித் தேடுங்கள். ஓட்டையின் வாயில் ஈரமான மரத்தூள் மாதிரி புழுவின் எச்சம் ஒட்டியிருக்கும், கீழே இருக்கும் இலையிலும் சில சமயம் அது சிந்திக் கிடக்கும். அடுத்து பிளேடால் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுச்சோறு இருக்க வேண்டிய இடம் குழாய் போலக் குடைந்து கறுத்திருந்தால், உள்ளே அழுக்குப் புள்ளிகளோடு இளஞ்சிவப்பான ஒரு புழு இருந்தால், சந்தேகமே வேண்டாம். முழுதாக வளர்ந்த புழு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பொரித்தவுடன் இருப்பது மஞ்சள் கலந்த நிறத்தில், தலைக்குப் பின்னால் கரும்பழுப்புத் தகடோடு, மிகவும் சிறியது. அதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அந்துப்பூச்சியைத் தேடி அலைய வேண்டாம். சிறகை விரித்தாலே இரண்டு சென்டிமீட்டருக்குள்தான், சாம்பல் நிறம், பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். அது கண்ணில் படவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இதைப் போலவே தோன்றி ஏமாற்றுபவை சில உண்டு. எல்லாக் கொழுந்தும் மதியத்தில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது தண்ணீர்க் குறை. துளைப்பான் தாக்கிய கொழுந்து ராத்திரி முழுக்கக் குளிர்ந்தாலும் நிமிராது, பக்கத்துக் கொழுந்து நன்றாக இருக்க இது மட்டும் தொங்கும். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கிளை காய்ந்துகொண்டே வந்து, பிளந்தால் கட்டைக்குள் பழுப்புக் கோடு இருந்து, ஆனால் ஓட்டையும் குழாயும் இல்லையென்றால் அது நுனிக்கருகல், அதற்குத்தான் காப்பர் மருந்து. கத்திரியால் நறுக்கிய மாதிரி இளம் இலைகள் பச்சையாகவே தரையில் கிடந்தால் இலை வெட்டும் கூன்வண்டு. இலையெல்லாம் பிசுபிசுத்து மேலே கரி படிந்திருந்தால் தத்துப்பூச்சி. பிளந்து பார்க்காமல் வெளித்தோற்றத்தை வைத்து மருந்து சொல்பவர் யாராக இருந்தாலும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், பிளந்து காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காசும் நாளும் போனது இந்த ஒரு இடத்தில்தான்.

2. பூச்சியின் நாள்கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

எப்போது எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெண் பூச்சி இளந்தளிர் இலைகளில் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரித்த புழு நேராகத் தண்டுக்குள் போவதில்லை, முதலில் இளம் இலையின் நடுநரம்பில் புகுந்து ஓரிரு நாள் அங்கே இருக்கும். பிறகு வெளியே வந்து, கொழுந்துத் தண்டில் ஓட்டை போட்டு உள்ளே நுழைந்து, கீழ்நோக்கிக் குடைந்துகொண்டே போகும். பத்து பதினைந்து சென்டிமீட்டர் வரைக்கும்கூட. எட்டு முதல் பத்து நாளில் புழுப் பருவம் முடிந்துவிடும். அப்புறம் வெளியே வந்து, மரப்பட்டையின் வெடிப்பிலோ, காய்ந்த பூங்கொத்திலோ, மண் வெடிப்பிலோ புகுந்து கூட்டுப்புழுவாகும். அங்கே சுமார் 15 நாள் இருந்து அந்துப்பூச்சியாக வெளியே வரும்.

ஆக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். இதில் நாம் அடிக்கும் மருந்து புழுவின் மேல் படக்கூடிய நாள்கள் எத்தனை? பொரித்த சமயத்திலும், நரம்பை விட்டுத் தண்டுக்கு மாறும் சமயத்திலும் மட்டும்தான். தண்டுக்குள் போய்விட்ட புழுவுக்கு வெளியே அடிக்கும் மருந்து எட்டாது. கொழுந்து தொங்குவது நம் கண்ணில் படும்போது புழு உள்ளே போய்ச் சில நாள் ஆகியிருக்கும். அதனால் வாடிய கொழுந்தைப் பார்த்ததும் மருந்து டேங்கை முதுகில் மாட்டாதீர்கள், கத்திரியை எடுங்கள்.

3. வெட்டுவது: எவ்வளவு, எப்போது

வாடியதைக் கண்ட அன்றே வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் புழு இன்னும் கீழே இறங்கியிருக்கும், இல்லையென்றால் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிக் கூட்டுப்புழுவாகியிருக்கும். காலியான குழாயை வெட்டி என்ன பயன்?

வாடிய பகுதியை மட்டும் கிள்ளி எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, நானும் அதைத்தான் செய்தேன். புழு கீழ்நோக்கிப் போவதால், வாடிய இடத்துக்குக் கீழே பச்சையாக இருக்கும் தண்டுக்குள்தான் அது இருக்கும். ஓட்டையிலிருந்து கொஞ்சம் கீழே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் கறுப்புத் துளை தெரிந்தால் இன்னும் இரண்டு விரற்கடை கீழே வெட்டுங்கள். நடுச்சோறு வெள்ளையாக, முழுசாகத் தெரியும் வரை இப்படியே போக வேண்டும். முடிந்தவரை ஒரு கணுவுக்குச் சற்று மேலே நிறுத்தினால் பக்கத்துளிர் நன்றாக வரும்.

ஒட்டுக்கன்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. கன்று சிறியதாக இருந்தால் குடைந்தது ஒட்டுக்கட்டு வரை வந்திருக்கலாம். ஒட்டுக்கு மேலே ஒரு கணுவாவது பச்சையாக மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, மிஞ்சியிருந்தால் அதை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் துளிரைப் பார்த்து, கன்று பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள், அது வேர்ச்செடியின் துளிர், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் அதில் காய்க்காது. மேலே ஒட்டுக்கிளை உயிரோடு இருந்தால், கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளி எறிய வேண்டும், இல்லையென்றால் சத்தெல்லாம் அதற்கே போகும். மேலே எதுவும் மிஞ்சவில்லை என்றால் அந்தக் கீழ்த்துளிரை வளரவிட்டு, அதன்மேல் மறுபடி ஒட்டுக்கட்ட ஆள் கிடைக்கிறாரா என்று பாருங்கள். வேர் பிடித்த கன்று என்பதால் புதுக்கன்றைவிட வேகமாக வரும்.

கத்திரி கூராக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்திரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் பூஞ்சாணம் பிடித்து நுனிக்கருகல் வரும், அப்புறம் இரண்டு நோய்க்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடைத் தண்ணீரில் பசைபோலக் குழைத்துத் தடவுங்கள்.

4. வெட்டியதைத் தோட்டத்திலேயே போடாதீர்கள்

வெட்டிய கொழுந்தை மரத்தடியில் போட்டால் புழு அதிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் வெடிப்பில் கூட்டுப்புழுவாகிவிடும். நீங்கள் செய்ததெல்லாம் அதன் வேலையைச் சுலபமாக்கியதுதான். கையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு, வெட்டவெட்ட அதில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். அல்லது அன்றே எரித்துவிடுங்கள். உரக்குழியில் மேலாகப் போடுவது வேண்டாம்.

5. மருந்து அடிப்பது, துளிர் வரும் நாள்களில்

துளிர் விரியத் தொடங்கும்போது ஒருமுறை, பிறகு சுமார் 15 நாள் கழித்து ஒருமுறை, இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் முறை. என் அனுபவத்தில் முதல் முறை சரியான நாளில் விழுந்தால் இரண்டாவதற்குப் பல சமயம் தேவையே வரவில்லை. சரியான நாள் எது? மொட்டு பிதுங்கி, செம்பு நிற இலைகள் விரற்கடை நீளம் வந்திருக்கும் நாள். இலை முழுதாக விரிந்து பச்சைக்குத் திரும்பிய பிறகு, தண்டு முற்றிய பிறகு, புழு அதைத் தொடாது. அப்போது அடித்தால் காசு வீண்.

முதலில் வேப்பங்கொட்டைச் சாற்றில் தொடங்குங்கள். 5 சதவீதக் கரைசல் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 800 கிராம். நன்றாக இடித்து, துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்துக்கொள்ளுங்கள். அன்றே அடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். வெயிலும் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் சாயங்கால நேரமே நல்லது. பழைய, பூஞ்சாணம் பிடித்த கொட்டையில் பலன் இருக்காது.

ரசாயன மருந்துக்குப் போவதாக இருந்தால், இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய வேளாண் கையேடுகளிலும், அதைப் பார்த்து இன்றுவரை பகிரப்படும் குறிப்புகளிலும் இந்தப் பூச்சிக்கு முதலில் வரும் பெயர் கார்பரில். அதை இந்திய அரசு 2018 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது, பென்தியானும் அதே பட்டியலில் போனது. டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் கடைசியோடு நிறுத்தப்பட்டது. யாராவது பழைய சரக்கை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டாவது, பூ பூத்திருக்கும் நேரத்தில் எந்தப் பூச்சிக்கொல்லியும் அடிக்காதீர்கள். மாவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் ஈக்களுக்கும் தேனீக்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது, அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டியிருக்கும். மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் அதையும் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனாலும் தளிரில் ஊரும் புழுக்களைப் பிடித்துத் தின்னும்.

டேங்க் கணக்கில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பல பழைய குறிப்புகளில் அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு எழுதியிருக்கும், இப்போது பேட்டரி ஸ்பிரேயரில் 16 லிட்டர் பிடிக்கும். "டேங்குக்கு ஒரு மூடி" என்ற கணக்கே வேண்டாம். லிட்டருக்கு இத்தனை மில்லி என்று லேபிளில் இருப்பதை அளவுக்குவளையில் அளந்து ஊற்றுங்கள்.

6. கடையிலும் அலுவலகத்திலும் தேவைப்படும் காகிதங்கள்

மருந்து வாங்கும்போது கடைக்காரர் வாயால் சொல்வதைவிட லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதெல்லாம் அதோடு வரும் துண்டுத்தாளில் இருக்கும். பயிர்ப் பட்டியலில் மா இல்லையென்றால், வேறு கேளுங்கள். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் நச்சுத்தன்மையைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. காலாவதித் தேதி பார்த்து, தொகுதி எண் எழுதிய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தவருக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை வந்தால் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த டப்பாவின் லேபிள்தான், அதனால் டப்பாவை அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போங்கள். எங்கள் பகுதிக்காரர்களுக்குப் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆலோசனை கேட்க எந்தச் சான்றிதழும் வேண்டாம், காசும் வேண்டாம். வேண்டியது சரியான மாதிரிதான். காய்ந்துபோன குச்சியைக் கொண்டுபோனால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று காலையில் வெட்டிய, புழு உள்ளே இருக்கும் கொழுந்தை, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள். முழுக்கன்று, வாடிய கொழுந்து, ஓட்டை, பிளந்த தண்டு என்று நான்கு படம் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை அடித்த மருந்துகளின் பில்லும் கூடவே இருக்கட்டும். நேரில் போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.

மானியத்தில் கன்றோ ஸ்பிரேயரோ கேட்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு வரிசை: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் எல்லாம் தேவைப்படும், சிறு குறு விவசாயி சான்றும் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தச் சான்று தாசில்தாரிடமிருந்து வர வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வர நாளாகும், அதனால் துளிர் காலம் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பூச்சி அதற்காகக் காத்திருக்காது.

7. செலவு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். நல்ல கவாத்துக் கத்திரி 420 ரூபாய், பூதக்கண்ணாடி 150 ரூபாய், இவை ஒருமுறைச் செலவு. 160 கன்றையும் ஒரு சுற்று பார்த்து வெட்ட எனக்கும் மனைவிக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். துளிர் காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு சுற்று என்று மூன்று வாரம் பார்த்தோம், அதற்குக் கூலி ஆள் வைக்கவில்லை. வேப்பங்கொட்டையை வைகாசி, ஆனியில் பழம் உதிரும்போது நாமே பொறுக்கி நிழலில் காயவைத்தால் இலவசம்.

காய்ந்த 11 கன்றுக்கு ஆனது இதைவிட அதிகம். ஒரு கன்று 90 ரூபாய் என்றால் 990 ரூபாய்தான், ஆனால் குழி எடுத்தது, எரு போட்டது, வண்டி வாடகை, எல்லாவற்றையும்விட அந்த 11 இடத்திலும் மரம் ஒரு வருடம் பின்தங்கி நிற்கிறது. தவறான மருந்துக்குக் கொடுத்த காசை இதில் சேர்க்கவில்லை.

8. அடுத்த துளிருக்கு முன்னால்

ஒரு நோட்டுப் போடுங்கள். துளிர் தொடங்கிய தேதி, முதல் கொழுந்து வாடிய தேதி, எத்தனை வெட்டினோம், என்ன அடித்தோம், இவ்வளவு போதும். முதல் கொழுந்து வாடிய தேதியிலிருந்து மூன்று வாரம் எண்ணிக் குறித்துவையுங்கள். தப்பித்த புழுக்கள் அந்துப்பூச்சியாகி அடுத்த முட்டையிடும் நாள்கள் அந்தக் குறியை ஒட்டித்தான் வரும். அப்போது கன்றில் இளந்துளிர் இருந்தால் சுற்றுகளை மறுபடி தொடங்குங்கள், இல்லையென்றால் கவலையில்லை.

இளந்துளிர் எப்போதும் இருந்துகொண்டே இருப்பதுதான் பூச்சிக்கு வசதி. வாரா வாரம் கொஞ்சம் யூரியா, கொஞ்சம் தண்ணீர் என்று விட்டால் இன்றைக்கு ஒரு கிளை, அடுத்த வாரம் ஒரு கிளை என்று துளிர் சிதறி வரும், கண்காணிக்கவே முடியாது. உரத்தைப் பிரித்துக் கொடுத்தாலும் எல்லாக் கன்றுக்கும் ஒரே நாளில், மழையை ஒட்டிக் கொடுங்கள், துளிரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து ஒன்றாக முற்றும். யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் தண்டு கொழுத்து நீர்ச்சத்தோடு இருக்கும், புழுவுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

துளிர் முற்றி, அடுத்த துளிர் வருவதற்கு முன் இருக்கும் இடைவெளியில், கன்றைச் சுற்றியுள்ள பாத்தியை லேசாகக் கொத்திவிடுங்கள், மண் வெடிப்பில் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் போகும். வேர் அறுபடாமல் மேலாகக் கொத்தினால் போதும். பக்கத்தில் பெரிய மாமரம் இருந்தால் அதில் தொங்கும் காய்ந்த பூங்கொத்துகளையும் ஒடித்து எரியுங்கள். புழு பூங்காம்பையும் குடையும் என்பதால் மார்கழி, தை மாதங்களில் பெரிய மரங்களின் பூங்கொத்து தலைசாய்ந்தாலும் இதே மாதிரி வெட்டிப் பார்க்க வேண்டும்.

கன்று வாங்கும் இடத்திலும் இதைப் பாருங்கள். நாற்றங்காலில் பையோடு அடுக்கியிருக்கும்போது எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து, நுனி காய்ந்ததோ, தண்டில் ஓட்டை உள்ளதோ, கிள்ளிய தடம் புதிதாகத் தெரிவதோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இப்போது கன்று வாங்கப் போகும்போது பூதக்கண்ணாடியும் பிளேடும் என் சட்டைப்பையிலேயே இருக்கின்றன.